படிவத்தில் ஒரு கட்டத்தில் மட்டும்தான் டிக் போடலாமாம். மகளுக்கு என்ன சொல்வது?

இரவுமழை எழுதியது:

இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். நான் தமிழ். கணவர் கறுப்பினத்தவர். ஒரே மகள், 13 வயது.

போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி, அப்புறம் 'இனம்'. அதன் கீழே ஐந்தாறு கட்டங்கள், 'ஒன்றை மட்டும் தேர்வு செய்க' என்ற குறிப்பு. பெரிய பிள்ளை ஆகிவிட்டாள், அவளே நிரப்பட்டும் என்று கொடுத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். 'கறுப்பினம்' கட்டத்தில் பென்சிலால் டிக் போட்டு அழித்திருந்தாள். 'ஆசியர்' கட்டத்திலும் போட்டு அழித்திருந்தாள். ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. கடைசியில் 'மற்றவை'யில் டிக் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்: "அப்பாவோட கட்டத்துல போட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமாம்மா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. "எதுல வேணும்னாலும் போடுடா கண்ணு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

இப்படி வளர்ந்தவர்கள், இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்த வயதில் அவள் மனதுக்குள் என்ன ஓடும்? நான் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

கடைசிபெஞ்ச் எழுதியது:

அக்கா, எனக்கு 29 வயது. அப்பா தமிழ், அம்மா வெள்ளையினத்தவர். உங்கள் மகள் கேட்ட கேள்வியை நான் கடைசிவரை என் அம்மாவிடம் கேட்கவே இல்லை. நானே ஒரு பதிலைக் கற்பனை செய்துகொண்டு பல வருடம் அதைச் சுமந்தேன். அவள் வாய் திறந்து கேட்டுவிட்டாளே, அதுவே பெரிய விஷயம்.

பத்து வயது வரை எனக்கு இனம் என்று ஒன்று இருப்பதே உறைக்கவில்லை. அப்பா, அம்மா, நான், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் புதிதாக வந்த பையன் ஒருவன் "நீ என்ன?" என்று கேட்டான். 'யார்' என்று கேட்கவில்லை, 'என்ன' என்றுதான் கேட்டான். அதே வருடம் என்னைக் கூட்டிப் போக அம்மா வந்தபோது, "இவங்க உன்னைப் பார்த்துக்கிறவங்களா?" என்று ஒரு ஆசிரியை கேட்டார். அன்று இரவு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று என் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். மூக்கு அப்பாவுடையது. இமை அம்மாவுடையது. காது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு முன் அது எல்லாமே என் முகமாக மட்டும்தான் இருந்தது.

14 வயதில் முழுக்க அப்பா பக்கம் சாய்ந்தேன். தமிழ்ப் பையன்களோடு மட்டும் சுற்றினேன். பள்ளி விழாவுக்கு அம்மாவை வர வேண்டாம் என்று சொன்னேன். அவர் வரவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. இன்று நினைத்தாலும் நெஞ்சை அடைக்கிறது. அப்படிப் போய் ஒட்டிக்கொண்ட இடத்திலாவது முழுசாகச் சேர்த்துக்கொண்டார்களா என்றால், அதுவும் இல்லை. ஒரு கல்யாணத்தில் என் நெருங்கிய நண்பனே என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவன் பாதித் தமிழன், ஆனா தமிழ் நல்லா பேசுவான்" என்றான். அவன் பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு அந்த 'ஆனா' மட்டும்தான் காதில் விழுந்தது.

இறுக்கம் தளர்ந்தது கல்லூரியில்தான். என்னைப் போலவே இரண்டு இனத்துப் பெற்றோருக்குப் பிறந்த ஒருத்தியைச் சந்தித்தேன். அவள் பெற்றோரின் இனங்களுக்கும் என் பெற்றோரின் இனங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் நான் பாதி வாக்கியம் சொன்னால் மீதியை அவள் முடித்துவிடுவாள். உங்கள் மகளுக்கு அப்படி ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கிடைத்தால் போதும் அக்கா.

பொதுமனிதன் எழுதியது:

சகோதரி, தவறாக நினைக்க வேண்டாம். இந்தக் கட்டமெல்லாம் எதற்கு? இனம் என்பதே மனிதன் போட்ட கோடு. இதைப் பற்றி வீட்டில் பேசப் பேசத்தான் பிள்ளைகள் மனதில் வேற்றுமை விழுகிறது. 'மனிதர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பேசாமல் விட்டால் தானாகச் சரியாகிவிடும்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஐயா, நல்ல மனதோடு சொல்கிறீர்கள் என்று புரிகிறது. என் சித்தப்பாவும் இதையேதான் சொல்வார். எங்கள் வீட்டிலும் யாரும் இதைப் பேசவில்லை. அதனால் எனக்கு வேற்றுமை தெரியாமல் போகவில்லை. வெளியில் நடந்ததை வீட்டில் சொல்லக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொண்டேன். "எல்லோரும் மனிதர்தானே" என்று வீட்டில் சொல்லிவிட்டால், கடையில் காவலாளி என் பின்னாலேயே வந்ததை நான் எந்தச் சொல்லில் சொல்வது?

நன்றாக யோசித்து, எல்லாவற்றையும் தாண்டி, "நான் எந்த இனமும் இல்லை, மனிதன்" என்ற முடிவுக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களே நடந்து போய்ச் சேர்ந்த இடம். 13 வயதுப் பிள்ளையை அங்கே தூக்கிக்கொண்டு போய் வைக்க முடியாது.

மணிப்புறா எழுதியது:

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக 16 வருடமாக வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பாவம், இந்தப் பிள்ளைகள் எங்கேயும் சேர முடியாமல் குழம்பித்தான் போகும்" என்று உறவினர்கள் சொல்வார்கள். இந்த எண்ணத்துக்கு ஒரு படித்த வடிவமும் உண்டு. 1928-ல் ராபர்ட் பார்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 'விளிம்பு மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தார். 1937-ல் எவரெட் ஸ்டோன்குவிஸ்ட் அதை விரித்து ஒரு புத்தகமே எழுதினார். இரண்டு உலகத்துக்கும் நடுவில் நின்று இரண்டிலும் ஒட்டாமல் தவிப்பவன் என்று. ஆனால் அவர்கள் எழுதிய காலத்தைப் பாருங்கள். 1924-ல் வர்ஜீனியா மாநிலம் கொண்டுவந்த சட்டப்படி, துளி கறுப்பின வம்சம் இருந்தாலும் ஒருவர் வெள்ளையர் ஆக முடியாது. வெள்ளையர் மற்ற இனத்தவரை மணப்பதைத் தடுக்கும் சட்டங்கள், 1967-ல் லவிங் என்ற தம்பதியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று அறிவிக்கும்வரை, 16 மாநிலங்களில் இருந்தன. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வாழ்வதே குற்றம் என்று சொல்லும் நாட்டில் எந்தப் பிள்ளை நிம்மதியாக இருக்கும்? தவிப்பு வெளியிலிருந்து வந்தது. அதைப் பிள்ளையின் பிறவிக் குணமாக எழுதிவிட்டார்கள்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். 1990-ல் கார்லோஸ் போஸ்டன் என்ற உளவியலாளர், இரு இனப் பிள்ளைகளின் அடையாளம் வளரும் விதத்தை ஐந்து நிலைகளாக வகுத்தார். சின்ன வயதில் 'நான்' என்ற உணர்வு மட்டும்தான். அடுத்து, ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடு என்று சுற்றியிருப்பவர்கள் நெருக்கும் கட்டம். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் மறுபக்கத்துக்குத் துரோகம் செய்துவிட்டோமோ என்ற குற்ற உணர்ச்சி வருகிறது. இது மூன்றாவது நிலை. அதற்குப் பிறகுதான் விட்ட பக்கத்தின் மேல் ஆர்வம் வந்து, கடைசியில் இரண்டையும் தன்னுடையதாக ஏற்பது. "உனக்குக் கஷ்டமா இருக்குமாம்மா?" என்பது அந்த மூன்றாவது நிலையின் குரல். அவள் தன்னைப் பற்றிக் குழம்பவில்லை, உங்களை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள்.

ஆனால் இந்த ஐந்து படியையும் எல்லோரும் வரிசையாக ஏறுவதில்லை. 'இரண்டையும் ஏற்றால்தான் முழுமை' என்பதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பின்னால் வந்த கெரி ஆன் ராக்கமோர், டேவிட் பிரன்ஸ்மா, கிறிஸ்டன் ரென் போன்றவர்கள் இளைஞர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். ஒரே இனமாகத் தன்னைச் சொல்பவர்கள் இருந்தார்கள். 'நான் கலந்தவன்' என்பதையே தனி அடையாளமாக வைத்தவர்கள் இருந்தார்கள். இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்பவர்களும், இனமே வேண்டாம் என்பவர்களும் இருந்தார்கள். இதில் எதுவும் நோய் இல்லை. பராக் ஒபாமாவின் அம்மா வெள்ளையினத்தவர் என்பது உலகத்துக்கே தெரியும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் 'கறுப்பினம்' என்ற ஒரு கட்டத்தில் மட்டும்தான் டிக் போட்டார். அதனால் அவர் அம்மாவைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொன்று, பெற்றோர் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவில் பதின்வயதினரிடம் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பை வைத்து டேவிட் ஹாரிஸ், ஜெரமையா சிம் இருவரும் 2002-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பள்ளியில் கேட்டபோது 6.8 சதவீதப் பிள்ளைகள் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைச் சொன்னார்கள். வீட்டில் கேட்டபோது 3.6 சதவீதம்தான். இரண்டு இடத்திலும் அப்படிச் சொன்னவர்கள் 1.6 சதவீதம். பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. யார் கேட்கிறார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. நீங்கள் துணி மடித்துக்கொண்டிருந்த அறையில் அவள் படிவம் நிரப்பினாள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சொல்தேடி எழுதியது:

மணிப்புறா 'இரு இனப் பிள்ளைகள்' என்று எழுதியதைக் கவனித்தேன். எனக்கு இதில்தான் சிக்கல். தமிழில் இவர்களை என்ன சொல்லி அழைப்பது? செய்தித்தாளில் 'கலப்பினத்தவர்' என்று போடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்கு மாடும் விதைநெல்லும்தான் ஞாபகம் வரும். 'கலப்பு' என்றாலே அடுத்து 'கலப்படம்' வந்து நிற்கிறது. 'கலப்புத் திருமணம்' என்றால் நாம் சாதியைத்தான் நினைக்கிறோம். பிள்ளைக்குத் தன்னைச் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல சொல்கூட இல்லாத மொழியில், அது எப்படித் தமிழையும் தன்னுடையதாக நினைக்கும்?

'இருமரபினர்' என்று நான் சொல்லிப் பார்ப்பதுண்டு. மரபு என்பதில் ரத்தமும் அடங்கும், மொழியும் பழக்கமும் அடங்கும். எதுவும் அதில் பாதியாவதில்லை.

கடைசிபெஞ்ச் எழுதியது:

'இருமரபு' எனக்குப் பிடித்திருக்கிறது. 'பாதி' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எல்லோரும் விட்டுவிடுங்கள். ஜப்பானில் எங்களைப் போன்றவர்களை 'ஹாஃபு' என்பார்கள், 'பாதி' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அங்கேயும் சில பெற்றோர் அதை மாற்றி 'டபுள்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லா இளைஞர்களும் அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, 'இரண்டு மடங்கு' என்றால் எல்லாவற்றிலும் இரண்டு மடங்கு கெட்டிக்காரராக இருக்க வேண்டியிருக்கிறதே என்று. எனக்கு அந்தக் கஷ்டமும் புரிகிறது.

டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவைப் பாருங்கள். அம்மா ஜப்பானியர், அப்பா ஹைட்டி நாட்டவர். 2019-ல் ஒரு நிறுவனம் கேலிச்சித்திர விளம்பரத்தில் அவர் தோலை வெளுப்பாக வரைந்து, பின்னால் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியது அதே ஒசாகாதான். அந்த இரவு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதேன். எனக்கும் ஜப்பானுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆலமரநிழல் எழுதியது:

எனக்கு இரண்டு பையன்கள், 11, 15 வயது. மனைவி வெள்ளையினத்தவர். மூத்தவன் என் நிறம், இளையவன் அவள் நிறம். தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்க்கை வேறு மாதிரி விழுகிறது, அதனால் இது சகஜம் என்று மருத்துவர் விளக்கினார். அறிவியல் புரிந்தது. வீட்டில் நடப்பதுதான் புரியவில்லை. மூத்தவன் தமிழன் என்றே சொல்லிக்கொள்கிறான், சின்னவன் கேட்டால் தோளைக் குலுக்குகிறான். "உனக்கு என்னடா, உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று மூத்தவன் ஒருநாள் கத்தினான். சின்னவன், "உன்னையாவது நம்ம சாதி சனம் பார்த்ததும் அப்பா புள்ளைன்னு சொல்றாங்க" என்றான். இருவருக்கும் நடுவில் நான் வாயடைத்து நின்றேன்.

மணிப்புறா எழுதியது:

ஆலமரநிழல், இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இருவரையும் ஒரே பதிலுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். மரியா ரூட் என்ற உளவியலாளர் 1990-களில் கலந்த மரபுடையவர்களுக்கு ஓர் உரிமைப் பட்டியல் எழுதினார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: தன் உடன்பிறந்தவர் சொல்வதிலிருந்து மாறுபட்டுத் தன்னை அடையாளப்படுத்த ஒருவருக்கு உரிமை உண்டு. பெற்றோர் சொல்வதிலிருந்தும் மாறுபடலாம். வாழ்நாளில் ஒரு தடவைக்கு மேல் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

தென்னாப்பிரிக்காவில் 1950-ல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஒரு இனப் பட்டியலில் அடைத்தது. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனத்தை முடிவு செய்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு இனமாகப் பதிவானார்கள். 1991-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. உங்கள் பையன்கள் வேறு வேறாகச் சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே அதிகாரி முடிவு செய்தார். இங்கே அவர்களே சொல்கிறார்கள். சின்னவனுக்கு மட்டும் ஒன்று செய்யுங்கள்: உங்கள் உறவினர் வீடுகளுக்கு அவனைக் கூடவே அழைத்துப் போங்கள், வாசலிலேயே "என் மகன்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் ஊகிக்க இடம் கொடுக்காதீர்கள்.

சொல்தேடி எழுதியது:

நம் பக்கத் தவறையும் பேச வேண்டும். கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது தமிழர்கள் எல்லோரும் 'நம்ம பொண்ணு' என்று கொண்டாடினோம். அவர் அப்பா ஜமைக்காவிலிருந்து வந்தவர், அவர் படித்தது கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகம் என்பதை எத்தனை பேர் சேர்த்துச் சொன்னோம்? அப்புறம் 2024 ஜூலையில் டொனால்ட் டிரம்ப், கமலா திடீரென்று கறுப்பினத்தவராக மாறிவிட்டார் என்று பேசியபோது நமக்குக் கோபம் வந்தது. டிரம்ப் ஒரு பாதியை மறுத்தார். நாம் அதே பாதியைச் சொல்லாமல் விட்டிருந்தோம். இருமரபுப் பிள்ளை இரண்டையும் கவனிக்கும்.

பொதுமனிதன் எழுதியது:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். மருமகன் வேறு இனம். கல்யாணத்தின்போது நான் ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். இப்போது நல்ல உறவுதான். 'பேசாமல் விட்டால் சரியாகிவிடும்' என்று நான் எழுதியது ஒருவேளை எனக்கே சொல்லிக்கொண்டதாக இருக்கலாம். பேரப்பிள்ளைக்குத் தாத்தாவாக நான் என்ன செய்ய வேண்டும்?

கடைசிபெஞ்ச் எழுதியது:

வாழ்த்துகள் ஐயா. குழந்தை யார் ஜாடை, என்ன நிறம் என்று தொட்டிலைச் சுற்றி நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சை நீங்கள் நிறுத்துங்கள். அப்புறம் உங்கள் பழைய கதைகளை அந்தக் குழந்தைக்குச் சொல்லுங்கள். என் தாத்தா என்னிடம் சொல்லவில்லை, எனக்குத் தமிழ் புரியாது என்று நினைத்தாராம். எனக்கு எல்லாமே புரிந்துகொண்டிருந்தது.

இரவுமழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மணிப்புறா எழுதியதைப் படித்த அன்று இரவு அவள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லல. நீ எதைப் போட்டாலும் நான் உன் அம்மாதான். எனக்குக் கஷ்டமா இருக்காது" என்றேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அப்பாவுக்கு?" என்றாள். கணவரைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் தன்னை எப்படிக் கேலி செய்தார்கள், யார் துணைக்கு நின்றார்கள் என்று அவர் சொன்னார். நானும் அதையெல்லாம் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். "தெருவில் உன்னைப் பார்ப்பவர்கள் முதலில் என் மகளைத்தான் பார்ப்பார்கள். அதற்கு நான் உன்னைத் தயார் செய்ய வேண்டும். அதற்காக அம்மாவை நீ விட வேண்டியதில்லை" என்றார்.

மறுநாள் காலையில் புதிய படிவம் ஒன்றை அச்சிட்டுத் தரச் சொன்னாள். இந்தத் தடவை பென்சில் எடுக்கவில்லை. பேனாவால் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டாள். பள்ளி அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது, ஒன்றைத்தான் கணினி ஏற்குமாம். வியாழக்கிழமை நேரில் போகிறோம், அவளும் வருகிறேன் என்கிறாள். என்ன பேசுவது?

மணிப்புறா எழுதியது:

எழுத்திலும் ஒரு கடிதம் கொண்டு போங்கள். அமெரிக்காவில் 2000 கணக்கெடுப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம். அந்த வருடம் 68 லட்சம் பேர் அப்படிக் குறித்தார்கள். 2020-ல் 3.38 கோடி. கேள்வியையும் பதிலைப் பதியும் முறையையும் திருத்தியதும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம், அதாவது கட்டம் சரியாக இருந்தால் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் 2001-லிருந்து 'கலந்த இனம்' என்று தனிப் பிரிவு இருக்கிறது. சிங்கப்பூரில் 2011-லிருந்து குழந்தையின் இனத்தைப் பெற்றோர் இருவரின் இனங்களையும் இணைத்துப் பதியலாம். அத்தனை பெரிய கணக்குகளில் முடிந்தது ஒரு பள்ளியின் கணினியில் முடியும்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2009-ல் சாரா டவுன்சென்ட், ஹேசல் மார்க்கஸ், ஹிலரி பெர்க்சீக்கர் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு இனத்தை மட்டும் குறிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கலந்த இன மாணவர்களுக்கு, பலவற்றைக் குறிக்க முடிந்தவர்களைவிட ஊக்கமும் தன்மதிப்பும் குறைந்திருந்தன. ஒரே ஒரு படிவத்தால்.

பேச்சை நீங்கள் ஆரம்பியுங்கள். ஆனால் அவளுக்குப் பேச வேண்டும் என்று தோன்றினால் அவளையே பேச விடுங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

அந்த முதல் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அக்கா. ரப்பர் தேய்ந்த இடம் தெரிகிற மாதிரி எடுத்துப் போய் அவர்கள் மேசையில் வையுங்கள்.